கூத்தையா பாஸாகிவிட்டார்

பேருந்து ராமநாதபுரத்தை நெருங்க நெருங்க முத்தழகு புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். என்றைக்கும் இல்லாத திருநாளாக, இன்றைக்குப் பார்த்து அவள் புருஷன் கூத்தையாவுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது.

காலையில் எழுந்ததும் தானாகவே வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டார். செருப்பைச் சரியான காலில் போட்டார். பேருந்தில் ஏறியவர் முன் இருக்கை ஆளின் தோளைத் தட்டி, “என்ன செல்லச்சாமி, உன் செவலக் கன்னுக்குக் கால் சரியாயிருச்சா?” என்று வேறு கேட்டுவிட்டார். செல்லச்சாமிக்கே அந்தக் கன்று மறந்துபோயிருந்தது.

வேறு பொம்பளையாக இருந்தால் சந்தோஷத்தில் சூடம் கொளுத்தியிருப்பாள். முத்தழகு உள்ளுக்குள் குலசாமியைத் திட்டிக்கொண்டு வந்தாள். தினம் தினம் வேண்டினேனே, அப்பவெல்லாம் காது கேட்காமல் இன்றைக்கா கண்ணைத் திறக்கணும்?

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. கூத்தையாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. முதலில் மண்வெட்டியை வைத்த இடம் மறந்தது. பிறகு சிக்கல் கண்மாயைத் தாண்டி வயலுக்குப் போகிற வழி மறந்தது. ஒருநாள் நடுரோட்டில் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் எங்கே போகணும் என்று டிரைவரிடமே கேட்டார். மதுரைப் பெரியாஸ்பத்திரி டாக்டர், “வயசானவங்களுக்கு வர்ற மறதிதாம்மா, இவருக்குச் சீக்கிரமே வந்துருச்சு. மாத்திரையில திரும்பாது. எந்நேரமும் கூட ஆள் இருக்கணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆளுக்கு எங்கே போவாள்? அவள் மிளகாய் பறிக்கப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து திறந்தால் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பார். “யாரு புள்ள பூட்டுனது?” என்பார். “தெரியலைங்க” என்பாள். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்குக் கூசியது.

ஊனமுற்றோருக்கு அரசாங்கம் மாசாமாசம் உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டாள். அது வந்தால் கூலிக்குப் போகாமல் அவர் கூடவே இருந்துவிடலாம், அந்தப் பூட்டைத் தூக்கிக் கண்மாயில் எறிந்துவிடலாம். ஆனால் கிராம நிர்வாக அலுவலர் கூத்தையாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கை இருக்கு, கால் இருக்கு, கண்ணு தெரியுது. இதுல எங்கம்மா ஊனம்?” என்றார்.

“மறதி சார்.”

“எனக்குந்தான் மறதி. கத்திரிக்கா வாங்கச் சொன்னா வெண்டிக்கா வாங்கிட்டுப் போறேன். எனக்கும் எழுதட்டுமா?”

விண்ணப்பத்திலும் மறதிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. மூளை வளர்ச்சியில்லை என்று ஒரு கட்டம் இருந்தது. “இவருக்கு வளந்த மூளைதான சார் தேயுது” என்று கேட்டதற்கு, “கட்டத்துல இருக்கிறதத்தாம்மா எழுத முடியும்” என்றார்கள். கடைசியில், ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும் முகாமுக்கு மறதி பார்க்கிற டாக்டர் மதுரையிலிருந்து வருகிறார், அவர் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் என்றார்கள். இந்த முகாமை விட்டால் மறுபடி எப்போது வருவாரோ!

“இங்க பாருங்க” என்று புருஷனின் காதில் குனிந்தாள் முத்தழகு. “டாக்டரு என்ன கேட்டாலும் தெரியலைன்னு சொல்லணும்.”

“எதைக் கேட்டா?”

“எதைக் கேட்டாலும்.”

“தெரிஞ்சதக் கேட்டா?”

“அதுவும் தெரியலைதான்.”

இதில் பொய் எதுவும் இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். தினமும் சொல்கிறதைத்தானே இன்றைக்கும் சொல்லச் சொல்கிறாள்?

“எங்க, சொல்லுங்க. உங்க பேரு?”

“தெரியலை.”

“ஊரு?”

“தெரியலை.”

முத்தழகுக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்துச் செக்கிங் ஏறினார்கள்.

“அண்ணே, டிக்கெட்?”

“தெரியலை.”

“எங்க ஏறுனீங்க?”

“தெரியலை.”

“காலங்காத்தாலயே ஊத்திட்டு ஏறிர்றானுக” என்று செக்கர் விசிலை ஊத, பேருந்து நின்றது. முத்தழகு புருஷனின் சட்டைப்பையைக் குடைந்து, இடுப்பைத் தடவி, கடைசியில் அவர் காதில் சொருகியிருந்த டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

“ஏங்க, இவருகிட்ட எதுக்கு அப்படிச் சொன்னீக?”

“நீதான எல்லாத்துக்கும் சொல்லச் சொன்ன? இனிமே கேட்டா கரெக்டாச் சொல்லிர்றேன்” என்றார் கூத்தையா, ரொம்ப அடக்கமாக.

போச்சு! இனி இவர் வாயைத் திறந்தாலே ஆபத்து. இறங்கியதும் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கி, நாலைந்தாக மடித்து அவர் வாயில் திணித்தாள். வாய் நிறைய இருந்தால் பேச்சு வராது, பார்க்கவும் கொஞ்சம் பாவமாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் நெரிந்தது. மூன்று சக்கர வண்டி வாங்க வந்தவர்களும் காது மெஷினுக்கு வந்தவர்களும் முட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டில் நின்ற பியூன், அவள் விசாரித்ததும் திரும்பிப் பார்க்காமலே, “மறதியா? கடைசி ரூம்” என்று கையைக் காட்டினார்.

கடைசி அறையில் கூட்டமே இல்லை. கரும்பலகைக்கு முன்னால், மேசைக்குப் பின்னால், வெள்ளை முழுக்கைச் சட்டையும் கண்ணாடியுமாக ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் பேனா. பார்வையே ஆளை நடுங்க வைத்தது.

“இதான் வர்ற நேரமா?” என்றார்.

“பஸ்ஸு நின்னுருச்சு சார். தப்புத்தான்.”

“இவன் வாயில என்ன?”

கூத்தையா வாயைத் திறந்து காட்டினார்.

“துப்பிட்டு வாயைக் கழுவிட்டு வா.”

முத்தழகின் கணக்கு அந்த இடத்திலேயே கிழிந்தது. கூத்தையா குழாயடிக்குப் போய்ச் சுத்தபத்தமாகத் திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பேரு?”

“சார், அவருக்கு வந்து…” என்று ஆரம்பித்தாள் முத்தழகு.

“உன்னைக் கேக்கலை. நீ சொல்லு.”

“கூத்தையா.”

“தகப்பன் பேரு?”

“மலையாண்டி.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“செவ்வா.” செவ்வாக்கிழமை போகணும், செவ்வாக்கிழமை போகணும் என்று வாரம் பூராவும் அவரைப் போட்டு அனத்தியது அவள்தான். யாரை நோவது?

“ஏழெட்டு?”

“அம்பத்தாறு!”

கட்டிய பெண்டாட்டி பேர் நிற்காத தலையில் வாய்பாடு மட்டும் அசையாமல் நின்றது. முத்தழகு அவர் முழங்கையைக் கிள்ளினாள். “நான் என்ன சொல்லிக் கூட்டியாந்தேன்?” என்று பல்லைக் கடித்தாள்.

கூத்தையாவுக்கு முகம் விழுந்துவிட்டது. “சார், என்ன கேட்டாலும் தெரியலைன்னு சொல்லணும்னு இவ படிச்சுப் படிச்சுச் சொன்னா சார். நான் மறந்துட்டேன்” என்றார்.

அந்த மறதியாவது டாக்டருக்கு மறதியாகத் தெரியக்கூடாதா? அவர் முத்தழகைத்தான் முறைத்தார். “பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கிற வேலையெல்லாம் என்கிட்ட ஆகாது.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மறுபடியும், “பேரு?” என்றார். அப்புறம் தகப்பன் பேரு, கிழமை, ஏழெட்டு. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. மதுரைப் பெரியாஸ்பத்திரி டாக்டரும் இப்படித்தான் கேட்டதையே கேட்டு மடக்கினார். சாமி, ஒரு தடவையாவது தப்பாகச் சொல்ல வையி என்று முத்தழகு வேண்டிக்கொண்டாள். கூத்தையா ஒரு சொல் பிசகவில்லை.

“பாஸ்!” டாக்டர் மேசையைத் தட்டினார். “நூத்துக்கு நூறு. இவனை எதுக்கு இங்கன வச்சிருக்கீங்க? மேல அனுப்புங்க.”

“ஐயா, இவரு பாஸாகக் கூடாதுய்யா!” என்று மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் முத்தழகு. “இன்னைக்கு ஒருநாள் கூத்துய்யா இது. நாளைக்கு என்னையே தெரியாது. உள்ள போட்டுப் பூட்டிட்டு வேலைக்குப் போறேன்ய்யா. கட்டுன புருஷனப் பூட்டிட்டுப் போறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவு நேரம் இருந்த அதட்டல் அவர் முகத்தில் இல்லை.

“பூட்டாதம்மா” என்றார் மெதுவாக. “உள்ள இருக்கிறவனுக்கு ரொம்பப் பயமா இருக்கும். வெளிய பேச்சுச் சத்தம் கேக்கும். யாரு பேசுறாங்கன்னு தெரியாது.”

எந்த ஆபீசிலும் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒருத்தரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. கல் கரைந்துவிட்டது என்று முத்தழகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப எழுதிக் குடுங்கய்யா.”

அவர் பேனாவைத் திறந்தார். “என்ன எழுதணும்?”

“சர்டிபிகேட்டுய்யா.”

“யாருக்கு?”

“இவருக்குத்தான்.”

“இவன்தான் பாஸாயிட்டானே!”

பேனாவை மூடிவிட்டார். முத்தழகுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. அப்போதுதான் கூத்தையா தலையைச் சாய்த்து அவளை உற்றுப் பார்த்தார்.

“சார், இந்தம்மா யாரு? காலையில இருந்து என் கையப் பிடிச்சுக்கிட்டே வருது. எதுக்கு அழுகுது?”

நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி வலித்தது. ஆனாலும் அவள் விடவில்லை. “பாத்தீகளா! பாத்தீகளா ஐயா! இதுக்கு மேல என்ன வேணும்?” என்று கத்தினாள்.

டாக்டர் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

“அதான் நானும் யோசிக்கிறேன். யாரும்மா நீ?”

இப்போது தன்னையே கள்ளி என்கிறாரா? ரேஷன் கார்டை எடுக்க முத்தழகு மடியைத் தடவினாள். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தலையில் வெள்ளைத் துப்பட்டியோடு ஒரு இளம்பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, நேராக மேசைக்குப் போய் அவர் கையைப் பிடித்தாள்.

“வாப்பா, இங்கனயா வந்து உக்காந்திருக்கீக? வாத்தியார் வேலைய விட்டு இம்புட்டு நாளாகியும் நாற்காலியக் கண்டா ஏறிர்றீகளே! எந்திரிங்க, மறதி பாக்குற டாக்டரு இப்பத்தான் வந்து இறங்குறாரு, முதல் டோக்கனே நமக்குத்தான்!”