புகை போட்ட பப்பாளிப் பால்

லாயாங் லாயாங்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் ரூபேந்திரனுக்கு,

காளியப்பன் எழுதிக்கொண்டது. சிங்கப்பூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே உங்கள் அக்கா வெள்ளையம்மாவின் முழங்காலையும் என் மானத்தையும் தவிர மற்றதெல்லாம் சுகம். வாட்சப்பில் அனுப்பினால் என் மகள் தேன்மொழி பார்த்துவிடுவாள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நம் தேன்மொழிக்கு அங்கே நீங்கள் பார்த்துவைத்த வேலையை வேண்டாம் என்றேன் அல்லவா? காரணம் ரப்பர் கொட்டை எண்ணெய். அதிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்தால் சோப்பு, பெயிண்டு என்று பலதுக்கும் ஆகுமாம். ஆலைகளில் நீராவி கொடுத்துப் பெருஞ்சூட்டில் பிரிக்கிறார்கள். பப்பாளிக்காயைக் கீறினால் வடியும் பாலில் ஒரு நொதி இருக்கிறது, பாலைக் காயவைத்துத் தூளாக்கி எண்ணெயில் கொஞ்சம் தண்ணீரோடு கலக்கினால் வெதுவெதுப்பிலேயே பிரிந்துவிடும் என்கிறாள் இவள். பக்கத்து ஊர் செடெனாக்கில் ஓர் எண்ணெய் ஆலை முதலாளி, வெள்ளிக்கிழமை செய்து காட்டு, சரியாக வந்தால் இங்கேயே வேலை என்றார்.

புதன்கிழமை பாலைத் தட்டில் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா ஆயுசு முழுக்க எஸ்டேட்ல ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டுக் காயவெச்சவன் மச்சான், பால் ஈரமா கெடந்தா கை சும்மா இருக்குமா? கொல்லையில தேங்காமட்டையக் கொளுத்தி, மேல கம்பியில தட்ட ஏத்தி, செவக்கச் செவக்கப் புகை போட்டுட்டேன்.

"அலமாக், அப்பா! இந்தச் சூட்டுல நொதி செத்துரும்பா!" என்று கடையிலிருந்து வந்தவள் கத்தினாள்.

"கலரப் பாரும்மா, மொத தரம் லா," என்றேன்.

"இந்த வீட்டுல அந்தாளு புகை போடாம விட்டது நான் ஒருத்திதான்டி," என்றார் உங்கள் அக்கா.

பிறகு பக்கத்து வீட்டுப் பப்பாளிகளை எல்லாம் நானே கீறிக் கொடுத்தேன். கிடைத்தது ஒரு கரண்டிப் பால். அது காற்றில் காய்ந்த தூளை ஒரு புட்டி எண்ணெயிலும், நான் கெடுத்ததை இன்னொரு புட்டியிலும் கலக்கி, இன்று காலை இரண்டையும் ஆலைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கெட்டது எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு கரண்டிப் பாலில் ஒன்றும் நடக்காது; ஆகவே சிங்கப்பூரில் அந்த வேலை இன்னும் காலியாக இருந்தால் அவளுக்காகப் பிடித்து வையுங்கள். அவள் போனால் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். என் கை கெடுத்ததற்கு அவள் ஏன் இங்கே வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்?

பிள்ளைகளுக்கு என் ஆசியும் தங்கச்சிக்கு அன்பும்.

இப்படிக்கு,
காளியப்பன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தேன்மொழி வந்துவிட்டாள். கரண்டிப் பால் எண்ணெயைப் பிரித்துவிட்டதாம். "பால்தான் பிரிச்சதுன்னு எப்படித் தெரியும்? எண்ணெ தானாவே பிரிஞ்சிருந்தா?" என்று முதலாளி கேட்க, இவள் என் புட்டியை எடுத்து நீட்டியிருக்கிறாள். அதே பால், சூட்டில் செத்தது. எண்ணெய் அப்படியே இருந்ததாம். திங்கள்கிழமை வேலையில் சேர்கிறாள். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். "ஒப்பிட்டுக் காட்ட இனிமே செத்த தூளு நெறைய வேணும்பா, நீங்களே போட்டுக் குடுங்க," என்கிறாள். மட்டையைக் கொளுத்திவிட்டேன். கொல்லைக் கொடியில் உங்கள் அக்காவின் சேலைகள் காய்வதை இப்போதுதான் பார்க்கிறேன்.