பக்கம் மாறிய கரடி

கோகிலவாணி டீச்சர் இறங்க வேண்டிய பள்ளிக்கூட நிறுத்தம் வந்தது. நிறுத்தம் அதன் இடத்தில் நின்றது. பஸ்தான் நிற்கவில்லை.

கண்டக்டர் லூர்துராஜ் இரண்டு முறை விசில் ஊதினான். மூன்றாவது முறை கொஞ்சம் கோபமாகவே ஊதினான். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போகும் அந்த மினி பஸ்ஸில் அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் பதினொரு வருடம் தியாகதுருகத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டியவன். விசிலுக்கே டிரைவர் மரியாதை கொடுக்காவிட்டால் அப்புறம் கண்டக்டர் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டு முன்னால் போனான்.

போவது லேசாக இல்லை. சந்தை நாள். முப்பது பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். கால் வைக்கிற இடமெல்லாம் புளி மூட்டை. சாலம்மாள் என்ற பெண் இரண்டு சேவல்களைக் காலைக் கட்டி மடியில் வைத்திருந்தாள். அவை போகிற வருகிறவர்களையெல்லாம் கொத்தின.

டிரைவர் பொன்னுரங்கம் அந்த மலையில் இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி, தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"லூர்து, பிரேக் புடிக்கல. பெடல் தரை வரைக்கும் போவுது."

லூர்துராஜ் சிரித்தான். ஜவுளிக்கடைப் பழக்கம். என்ன பேசுவதென்று தெரியாதபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். பிறகு பொன்னுரங்கத்தின் வலது காலைப் பார்த்தான். அது பெடலை அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. வண்டி அதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் இறங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றது.

மீதியையும் பொன்னுரங்கம் சொன்னார். செகண்ட் கியரில் பிடித்து வைத்திருக்கிறார். ஹேண்ட் பிரேக் பாதிதான் கேட்கிறது. இன்னும் நான்கு கொண்டை ஊசி வளைவுகள். கடைசி வளைவைத் தாண்டியதும் ரோடு வேலைக்காக மண் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஏற்றி நிறுத்திவிடலாம். அதுவரை ஜனங்கள் கலையக் கூடாது. விஷயம் தெரிந்து ஒருவர் குதித்தால் எல்லாரும் குதிப்பார்கள். குதித்தால் கீழே பள்ளம்.

"எதனா சொல்லி ஒக்கார வை."

"இன்னா சொல்றது?"

"உன் இஷ்டம். நான் ஓட்டணும்."

லூர்துராஜ் திரும்பினான். டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கே வந்துவிட்டார். நிறுத்தம் போனால் போகட்டும், கொஞ்சம் மெதுவாகப் போனால் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன், முதல் மணி அடித்துவிடும் என்றார். அவர் கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது.

லூர்துராஜின் மூளையில் ஒன்றுமே வரவில்லை. ஆனால் வாயில் வந்தது.

"இறங்காதீங்க டீச்சர். வெளிய கரடி."

கல்வராயன் மலையில் கரடி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறான். ஆனால் படத்தில் தவிர வேறெங்கும் அவன் கரடியைப் பார்த்ததில்லை. இருந்தாலும் டீச்சர் கையை எடுத்துவிட்டார். அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் மற்ற முப்பது பேருக்கும் அது கேட்டுவிட்டது. எந்தப் பக்கம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. லூர்துராஜ் யோசிக்காமல் இடது பக்கம் கையைக் காட்டினான்.

இடது பக்கம்தான் பள்ளம்.

வண்டி மொத்தமும் எழுந்து இடது ஜன்னல்களுக்குப் பாய்ந்தது. மூட்டைகள் சரிந்தன. பஸ் முனகிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது கரடிக்குச் சொன்னதல்ல.

லூர்துராஜ் பதறிப்போய், கரடி ரோட்டைத் தாண்டி வலது பக்கம் வந்துவிட்டது, எல்லாரும் வலது பக்கம் பாருங்கள் என்றான். கூட்டம் மலையோரத்துக்கு மாறியது. வண்டி நிமிர்ந்தது. அவன் மூச்சு விடுவதற்குள் முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. பொன்னுரங்கம் ஸ்டியரிங்கின் மேல் ஏறிப் படுக்காத குறையாக வளைத்துத் திருப்பினார். வளைந்து முடித்துப் பார்த்தால் மலை இடது பக்கம் வந்திருந்தது. பள்ளம் வலது பக்கம். கூட்டமும் வலது பக்கம்.

"இடது பக்கம் போயிடுச்சு. இடது பக்கம் பாருங்க."

சொல்லிக்கொண்டே லூர்துராஜ் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவனோடு சேர்ந்து கதவும் கடகடவென்று ஆடியது. இப்படி ரோட்டைத் தாண்டித் தாண்டி பஸ்ஸோடு ஓடிவரும் கரடியை யார் நம்புவார்கள்?

டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் மாயவன் என்றொருவர் மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மலையில் சாமை விதைத்துப் பிழைக்கிறவர். ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், இப்போது லூர்துராஜைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார்.

"ஆமா. நானும் பார்த்தேன். பெருசு."

லூர்துராஜ் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். நிஜமாகவே வெளியே கரடி இருக்கிறதா? பிரேக் இல்லாதது போதாதென்று இது வேறா?

மாயவன் குனிந்து சாலம்மாளிடம் ஏதோ சொன்னார். சாலம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, கூடவே ரெண்டு குட்டியும் வருது என்றாள். பிறகு டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுத்து அவர் காதில் ஏதோ சொல்ல, இறங்கியே தீருவேன் என்று நின்ற டீச்சர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். சேதி காதுக்குக் காதாகப் பின் சீட்டு வரை போனது. கடைசி சீட்டை அடையும்போது கரடி யானை அளவுக்கு ஆகியிருக்கும் என்று லூர்துராஜ் நினைத்துக்கொண்டான்.

ஒரே ஆள்தான் அடங்கவில்லை. வெங்கடேசன் என்பவர். உளுந்தூர்பேட்டையிலிருந்து சொட்டுநீர்க் குழாய் விற்க முதல் தடவையாக மலைக்கு வந்தவர். கரடியை வீடியோ எடுப்பதற்காகப் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தார். ஒன்றும் தெரியவில்லையே என்று குறைபட்டுக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சி, ஏதோ கருகுகிற மாதிரி வாடை அடிக்கிறதே என்றார்.

ஹேண்ட் பிரேக் தீய்ந்துகொண்டிருந்தது.

"அது கரடி வாடைங்க" என்றான் லூர்துராஜ். வெங்கடேசன் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது வளைவில் லூர்துராஜ் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் தானாகப் பக்கம் மாறியது. பயம் வந்தால் ஜனங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் ஒழுங்கு வந்துவிடுகிறது என்று அவன் ஆச்சரியப்பட்டான்.

அடுத்த தொல்லை ரோட்டிலிருந்து வந்தது. கை காட்டி நின்ற ஒருவர், பஸ் நிற்காமல் போன கோபத்தில், பக்கத்தில் நின்ற யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு துரத்தி வந்தார். பஸ்ஸை முந்தினார். நேர் எதிரே போய் வேகத்தைக் குறைத்து, நிறுத்து என்று கையைக் காட்டினார். பொன்னுரங்கம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பைக்குக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இருபது அடிகூட இல்லை.

லூர்துராஜ் முன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

"நிக்காதீங்க. வண்டி மேல கரடி."

அந்த மனிதர் திரும்பிப் பஸ்ஸின் மேலே பார்த்தார். மேலே மூட்டைகளின் மீது போர்த்தியிருந்த கறுப்புத் தார்ப்பாய் கட்டவிழ்ந்து காற்றில் எழுந்து எழுந்து ஆடியது. அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் போன வேகத்தையும் அவர் போட்ட சத்தத்தையும் பார்த்து, எதிரே ஏறி வந்த பால் வேனும் இரண்டு ஜீப்புகளும் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டன. மூன்றாவது வளைவு முழுசாகப் பொன்னுரங்கத்துக்குக் கிடைத்தது.

ரோடு திறந்துவிட்டது. ஆனால் உள்ளே வேறு வினை. வண்டி மேல் கரடி என்பதை வெங்கடேசன் கேட்டுவிட்டார். மேல் கூரையைப் பார்த்தபடியே கதவை நோக்கி வந்தார். குதித்துவிடுகிறேன், எனக்கு ரெண்டு பொண்ணுங்க என்றார். லூர்துராஜ் கதவின் குறுக்கே நின்றான். அவனுக்குக் கால் நடுங்கியதில் டிக்கெட் பை இடுப்பில் தாளம் போட்டது. இறங்கினால்தான் பாயும் என்றான். மேலே இருக்கிற கரடிக்குத் தலை தெரியக் கூடாது, எல்லாரும் குனிந்து, தலையை முழங்காலில் வைத்து, முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அது சும்மா போய்விடும், வனத்துறையில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

வெங்கடேசன் ஒத்துக்கொள்ளவில்லை. கரடி வந்தால் செத்த மாதிரி படுத்து மூச்சை அடக்க வேண்டும், செல்லில் பார்த்திருக்கிறேன் என்று வாதாடினார். அப்போது கோகிலவாணி டீச்சர், ஐம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கும் குரலில், நேராக அவரைப் பார்த்துச் சொன்னார்.

"பேசக் கூடாது. படுக்கறதுன்னா படுங்க."

வெங்கடேசன் புளி மூட்டைகளுக்கு நடுவே படுத்து மூச்சை அடக்கினார்.

மற்றவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. மேலே வைத்திருந்த சாமான்களைத் தரையில் இறக்கினார்கள். கைக்குழந்தைக்காரி குழந்தையை மடியில் கிடத்தி முந்தானையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முப்பது தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. கம்பிகளை அவர்கள் பிடித்த பிடியைப் பார்த்து, கரடி மேல் இவர்களுக்கு இத்தனை பயமா என்று லூர்துராஜுக்கே பாவமாக இருந்தது.

நான்காவது வளைவு. பின் சக்கரம் ரோட்டின் விளிம்பில் கற்களைத் தெறிக்கவிட்டது. அந்தக் கற்கள் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அவ்வளவு ஆழம். லூர்துராஜ் மாதாவைக் கூப்பிட்டான். பிறகு, சாலம்மாளின் வாயிலிருந்து கேட்ட சாமிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். வளைவு முடிந்தது. செம்மண் மேடு தெரிந்தது.

"புடிச்சிக்க" என்றார் பொன்னுரங்கம்.

பஸ் மண்ணில் மூக்கைச் செருகி, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் யோசித்து, நின்றது.

பிறகு ஒரு சேவல் கூவியது. யாருக்கும் எலும்பு முறியவில்லை. ஒருவருக்கு நெற்றியில் ஒரு வீக்கம். மாயவனின் மடியிலிருந்து பறந்த பலாப்பழம் லூர்துராஜின் காலடியில் விழுந்து பிளந்திருந்தது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வெங்கடேசன், கண்ணைத் திறக்காமல், போயிடுச்சா என்று கேட்டார்.

எல்லாரும் இடிக்காமல், தள்ளாமல், குழந்தைக்காரிக்கு வழிவிட்டு இறங்கினார்கள். ரோட்டோரப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து பலாப்பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்தார்கள். முதல் சுளையைச் சாலம்மாள் பொன்னுரங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கால் மட்டும் இன்னும் இல்லாத பெடலை அமுக்கிக்கொண்டிருந்தது.

லூர்துராஜ் மண் மேட்டில் ஏறி நின்று மனைவி ரீத்தாவுக்கு போன் போட்டான். முப்பத்திரண்டு உயிர், ஒரே மூளை, அது தன்னுடைய மூளை என்று விளக்கினான். தான் ஒரு கரடியை உண்டாக்கி, அதை வலமும் இடமும் ஓடவிட்டு, கடைசியில் கூரைமேல் ஏற்றிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். ரீத்தா முழுவதையும் கேட்டுவிட்டு, தலையில் எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னாள்.

போனை வைத்ததும் அவனுக்கு மனசு உறுத்தியது. பாவம், சூதுவாது தெரியாத மலைஜனங்கள். பொய்யை நம்பி இவ்வளவு தூரம் குனிந்தே வந்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுவதுதான் முறை. மரத்தடிக்குப் போய்த் தொண்டையைச் செருமினான். வண்டியில் பிரேக் போய்விட்டது என்றான். அதைச் சொன்னால் நீங்கள் பயந்து குதித்துவிடுவீர்கள் என்றுதான் சமயோசிதமாக ஒரு பொய் சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்றான்.

யாரும் பலாச்சுளையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வெங்கடேசன் மட்டும் வாயைப் பிளந்தார்.

லூர்துராஜுக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. மாயவனின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"நான் சொன்னது பொய்ணே. ஆனா நீங்க நெஜமாவே ஒரு கரடியப் பார்த்தீங்களே, அது எங்க நின்னுச்சு?"

மாயவன் கொட்டையைத் துப்பிவிட்டு, விரலில் ஒட்டிய பாலைத் துடைத்துக்கொண்டார்.

"பிரேக் இல்லன்னு டிரைவரு உன்கிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு தம்பி. கதவாண்ட நின்னுக்கினு நீ நடுங்கின நடுக்கத்துக்கு, எங்க நீயே மொதல்ல குதிச்சிடப் போறியோன்னுதான் நாங்க அத்தினி பேரும் கரடியப் பார்த்தோம்."