ஆர்த்திகாவின் கையும் மூன்று பிரதிப் பெட்டிசமும்

நம்மூரில் பெட்டிசக்காரர் என்றோர் இனம் உண்டு. அடையாளம் கேட்கிறீர்களா? சட்டைப் பையில் இரண்டு பேனை, கையில் கார்பன் தாள், வாயில் "எனக்கு அப்பவே தெரியும்." நாய் குரைத்தால் பிரதேச செயலாளருக்கு ஒன்று, குரைக்காவிட்டால் அரசாங்க அதிபருக்கு ஒன்று, பிரதி எல்லோருக்கும் என்று முறைப்பாட்டு மனு எழுதித் தள்ளுவார். வெள்ளை வான் வந்து அடுத்த வீட்டுப் பையனைக் கடத்திப்போன அன்று மட்டும் பேனையில் மை இருக்கவில்லை.

அமிர்தகழிப் பக்கத்துச் சுனாமி வீட்டுத்திட்டத்தில் அந்த இனத்தின் சிறந்த மாதிரி வினாயகமூர்த்தி. அங்கேதான் ஏழு வயது ஆர்த்திகாவின் வலது மேல்கை முறிந்தது. பெற்றவளைக் கடல் கொண்டுபோய் ஒன்றரை வருடம். தகப்பன் புஸ்பத்தை மறுமணம் செய்து நாலு மாதம். மாங்காய்க்குக் கல் எறிந்ததில் முறிந்தது என்றாள், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த சின்னம்மா புஸ்பம்.

சின்னம்மா! வினாயகமூர்த்திக்கு வேறென்ன வேண்டும்? வார்ட்டு வாசலிலேயே விசாரணை.

"கல் எறிஞ்சா மாங்காய் விழும். கை முறியுமா புள்ள? என்னத்தால அடிச்சாய்?"

"அடிக்கல்ல அண்ணன். என்ட கண்ணுக்கு முன்னால எறிஞ்சவள்."

"பெத்தவளா இரிந்தா..."

"பெத்தவள் இரிந்தா நீங்க இந்தப் பக்கமே வந்திரிக்க மாட்டீங்க."

பின்னேரத்துக்குள் மூன்று பிரதியில் பெட்டிசம் போய்விட்டது: பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்க்கவும். மறுநாள் காலை நன்னடத்தை உத்தியோகத்தர் படிவத்தோடு கட்டிலடியில் நின்றார். பிள்ளையின் முறியாத கையைப் புஸ்பம் பிடித்திருந்தாள். விடவில்லை.

டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எலும்புக்குள்ள ஒரு நீர்ப்பை இருக்கு. புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. அந்த இடத்தில எலும்பு முட்டைக்கோது மாதிரி. பந்து எறிஞ்சாலும் உடையும், அடிக்கத் தேவையில்ல. முறிவு பொருந்திடும். நீர்ப்பையை இடைக்கிடை படமெடுத்துப் பாப்பம்."

உத்தியோகத்தர் படிவத்தை மடித்தார்.

"சின்னம்மா, மறுகா இடக்கையால எறியட்டா?" என்றாள் ஆர்த்திகா. புஸ்பத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வினாயகமூர்த்தி மன்னிப்புக் கேட்டாரா? நல்ல கேள்வி! அடுத்த பெட்டிசம் எக்ஸ்ரே மெஷினைப் பற்றி. அதுவும் மூன்று பிரதி.

சிரிக்கிறீர்கள்; சிரியுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். மேலே சின்னம்மா என்ற சொல்லை வாசித்தபோது, எக்ஸ்ரே வருமுன்னே, அந்தக் கையை யார் முறித்ததென்று நினைத்தீர்கள்?

சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். பேனை ஒன்றா, இரண்டா?