பெரிய வாரத்துப் பேத்திக் கணக்கு

சேசு மரி சூசை துணை

ரயில்வே வீடுகள், பிரிக்பீல்ட்ஸ்
1932, பாஸ்குப் பண்டிகைக்கு அடுத்த புதன்

கிள்ளானில் வாசம் செய்யும் சம்பந்தி ரபேல் அவர்களுக்கு, கோலாலம்பூரிலிருந்து கிரிகரி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் என் மனைவி சாந்தமேரியும் சுகம். அங்கே தாங்களும், என்னோடு பேசாத மருமகள் உர்சுலாவும், பேசி ஓயாத பேத்தி கெர்ட்ரூடும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நான் மளிகைக்கடைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அதனால் என் வாதம் சில இடங்களில் கிழிந்திருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

என் மகன் பேசிலும் தங்கள் மகளும் பிரிந்து வாழ்வதற்கு யார் காரணம் என்று இதில் எழுதப் போவதில்லை. குற்றத்தில் பாதி என் மகனுடையது. மீதிப் பாதியைத் தேடினேன். அதுவும் பெரும்பாலும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. நமக்குள்ள வழக்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவன் மாதா மாதம் என்ன கொடுப்பது என்பது மட்டுமே. பங்குச் சுவாமியார் வீட்டில் உர்சுலா எட்டு வெள்ளி கேட்டாள். பட்டறையில் அவன் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், நாலு வெள்ளிதான் நியாயம் என்றேன் நான். ஆறு என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் சுவாமியார். நடுவில் நறுக்குவதற்கு நியாயம் என்ன வெள்ளரிக்காயா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "சரி மாமா, பாப்பாவ ஒரு வாரம் நீங்களே வச்சுப் பாருங்க. ஆகுற செலவ நாலால பெருக்குங்க. அதக் குடுத்தாப் போதும்" என்றாள் தங்கள் மகள். தாங்கள் வெற்றிலையை அதக்கிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

எந்த வாரம் என்று பொறுக்கியவனும் நான்தான். தபசு காலத்தின் கடைசியான பெரிய வாரத்தைக் கேட்டேன். இறைச்சி இல்லை, பலகாரம் இல்லை, வேடிக்கை இல்லை, வெள்ளிக்கிழமை அடுப்பும் அரை வேலைதான் செய்யும். வருஷத்தில் இதைவிடச் சிக்கனமான வாரம் கிடையாது. உர்சுலா என்னை ஏற இறங்கப் பார்த்து, "வருஷம் பூரா பெரிய வாரந்தானா மாமா?" என்றாள். எனக்கு உடனே காது மந்தமாகிவிட்டது.

குருத்து ஞாயிறன்று பிள்ளையைக் கிள்ளானிலிருந்து அழைத்து வந்தேன். செருப்பு ரயிலைவிட வேகமாகப் போகுமா என்று பார்க்க, பெட்டாலிங் தாண்டியதும் ஒன்றை ஜன்னல் வழியே விட்டெறிந்தாள். முப்பது வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டியவன் நான், அந்த ஒரு ரயிலை நிறுத்த முடியவில்லை. இறங்கியதும் புதுச் செருப்பு. மறுநாள் மீன் வாங்க பாசாருக்குப் போனால், பிரிக்பீல்ட்ஸ் வேதக்காரர் அத்தனை பேரும் அதே மீனைச் சுற்றி நிற்கிறார்கள். விலையைக் கேட்டேன். சொன்ன விலைக்கு முன்பெல்லாம் ஆடே வாங்கலாம். மீன் விற்கும் மரைக்காயர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு நோன்புண்ணே, எனக்குப் பெருநாளு" என்றார். தபசு காலத்தில் இறைச்சி விலை இறங்கும் என்று கணக்குப் போட்ட நான், மீன் விலை ஏறும் என்று போடவில்லை. பிள்ளைக்குக் கஞ்சி போதும் என்று சுவாமியார் வீட்டில் சொல்லியிருந்தேன் அல்லவா? கஞ்சியைப் பார்த்ததும் வாயைப் பூட்டிக்கொண்டாள். டின் பாலும் பிஸ்கட்டும் வந்தன. பிஸ்கட்டைப் பாலில் ஊறப்போட்டுத் தின்றதில் பாதி நான். அந்தப் பாதியையும் பிள்ளை கணக்கில்தான் எழுதினேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் கிளார்க்கு கார்த்திகேசு அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஊறின பிஸ்கட் பல்லில்லாத ஆளின்ர சாப்பாடெல்லோ. பிள்ளைக்குப் பல்லு முழுக்க இருக்குது" என்றார். அரசாங்க வேலைக்காரரிடம் கணக்கைக் காட்டக்கூடாது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. நான் ஒருசந்தி, இரவு ஒரு வேளைதான் சாப்பாடு. அறுபது தாண்டியவர்களுக்கு அந்தக் கடமை இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆனால் நான் ஐந்து வருஷமாக ஐம்பத்தொன்பதிலேயே நிற்கிறவன். மத்தியானம் பிள்ளைக்குச் சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு, "தாத்தா தின்னாத்தான் நானும் தின்பேன்" என்கிறாள். அதட்டினேன். கதை சொன்னேன். மதியம் போய்ப் பிள்ளையின் முகம் வாடத் தொடங்கியது. கடைசியில் அடுப்பங்கரையிலிருந்த சாந்தமேரிக்குக் கேட்கும்படி, "எனக்கு அறுபத்து நாலு வயசாயிடுச்சு" என்று உரக்க அறிவித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். "அது எனக்கு எப்பவோ தெரியுமே" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். குருத்து ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு முடிய என்று கறாராகச் சொன்னவன் நானே. அந்த அடுத்த ஞாயிறுதான் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குப் பண்டிகை என்பது, நாற்பது நாளாக அதற்காகவே வயிற்றைக் காயப்போட்ட எனக்கு மறந்துபோயிற்று. கவுன், ரிப்பன், கோழி, கேக்கு, பூசைக்குப் போக ரிக்ஷா. மழலையில் "அல்லேலூயா" என்று பாடியபடி அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு போனபோது, ரிக்ஷாக்காரனைச் சுற்றுவழியில் போகச் சொன்னதும் நான்தான். அதற்குக் கூடுதல் காசு.

வாரச் செலவைக் கூட்டி நாலால் பெருக்கினேன். என் பென்ஷனைவிட அதிகம். இது நியாயமாக இருக்க முடியாது. ஆகவே நிதானமாக யோசித்துக் கழிக்க வேண்டியதைக் கழித்தேன். செருப்பு விபத்து; கழித்தேன். மீன் விலை ஊர்க் குற்றம், கழித்தேன். பிஸ்கட் என் பல்லின் குற்றம். கவுனும் கோழியும் பண்டிகையின் குற்றம். ரிக்ஷா, என் கிழட்டு ஆசையின் குற்றம். எல்லாம் போக வாரத்துக்கு ஒரு வெள்ளி நின்றது. மாதத்துக்கு நாலு வெள்ளி. நான் அன்றே சொன்ன அதே நாலு. என் தீர்ப்பில் ஒரு காசு மாற்றமில்லை என்பதை உர்சுலாவுக்குத் தெரிவிக்கவும்.

தேவமாதா தங்கள் குடும்பத்தைத் தம் முந்தானையில் வைத்துக் காப்பாராக. என் பேரால் பேத்தியின் நெற்றியில் ஒரு சிலுவை வரையவும். மருமகள் நெற்றியிலும் வரையவும், அவள் விட்டால்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
கிரிகரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் சாந்தமேரிக்கு வாசித்துக் காட்டினேன். "சரிதான். செருப்பில்லாம, மீனில்லாம, சட்டையில்லாம, பண்டிகையில்லாம ஒரு பிள்ளைய வளக்க நாலு வெள்ளி போதும். தாத்தா இல்லாம இருந்தா இன்னும் கொறச்சல்" என்றாள். பேசிலின் நாலு வெள்ளி இத்துடன் மணியார்டரில் வருகிறது. என் பென்ஷனிலிருந்து இன்னொரு நாலு அதே மணியார்டரில் வருகிறது. மாதா மாதம் இப்படியே வரும். ஆனால் உர்சுலாவிடம் எட்டு என்று சொல்லிவிடாதீர்கள். நாலு என்று இரண்டு முறை சொல்லுங்கள்.