‘பிறகு?’ கேட்கப் போனேன்

ஒரு கையால் சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்குகிறேன். மற்றக் கையில் பேனை. பிள்ளை நித்திரை. எழும்பமுன்னம் இதைச் சொல்லி முடிக்காவிட்டால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது!

என்ரை மனுசன் கிருசாந்தன் நாவல் எழுதினவர். விசுவமடுவில் எங்கள் காணியில் நெல் விளைந்ததைவிடக் கடதாசிதான் கூட விளைந்தது. எனக்கு அதில் கோபமில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் கிணறு றோட்டோரம். சுற்றி ஒரு மறைப்புக் கிடையாது. சைக்கிளில் போகிறவன் வருகிறவனுக்குப் பயந்து, விடியமுன்னம் இருட்டில் போய்க் குளிக்கிறேன்.

“இஞ்சேருங்கோ, நாலு கதியால் தடி நட்டு, ஓலைக் கிடுகு கட்டித் தாங்கோவன்.”

“இந்த அதிகாரம் முடியட்டும்.”

அதிகாரம் முடியும். அடுத்தது தொடங்கும். நான் இருட்டிலேயே குளிப்பேன்.

போன கிழமை மனுசன் துள்ளிக்கொண்டு குசினிக்குள், அடுப்படிக்கே வந்தார். “இந்தமுறை விடமாட்டன்!”

“ஆரை?”

“பாறூக் நானாவை! ரண்டு தரம் என்ரை கடிதத்தில மிளகு சுத்திப்போட்டார்!”

அது உண்மை. அந்த மிளகை வாங்கி வந்ததே நான்தான். கடதாசிச் சரையைப் பிரித்தால் உள்ளே இவருடைய கையெழுத்து!

பாறூக் நானா சந்தியில் கடை வைத்திருக்கிறார். சண்டை நின்று பாதை திறந்த பிறகு லொறியில் கொழும்புக்கு நெல் கொண்டுபோய், சாமான் ஏற்றி வருகிறார். அங்கே புத்தகம் போடுகிற ஒருவர் நானாவின் சினேகிதர். எங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்களின் கையெழுத்துக் கட்டுகளில் எது லொறி ஏறும், எது ஏறாது என்று சொல்வது பாறூக் நானாதான். கட்டை அவர் பார்ப்பதேயில்லை. முன்கூட்டி அனுப்புகிற கடிதத்தை மட்டும், திங்கட்கிழமை கடையில் நிற்கிற பெண்டுகளுக்கு உரத்து வாசிப்பார். ஒருத்தியாவது ‘பிறகு?’ என்று கேட்டால் கட்டு லொறியில் ஏறும். கேட்காவிட்டால் கடிதம் சரையாகும்.

“அதுதான் நீர் போறீர்,” என்றார் மனுசன். “பெண்டுகளோடை பெண்டாய் நிண்டு, நான் சொல்லித் தாற இடத்தில ‘பிறகு?’ எண்டு கேளும். அவ்வளவுதான்!”

“ஐயோ, நானோ!”

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டாலே அழுதவள் நான். அதுவும் அவருக்குத் தெரியும்.

“ஒரு சொல்லப்பா! ஒரே ஒரு சொல்! ‘மௌனம்’ எண்டு வாசிப்பார். உடனை நீர் கேக்கிறீர்.”

திங்கட்கிழமை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பாறூக் நானா கண்ணாடியைப் போட்டார். அவருடைய மனுசி ஸுஹறா தராசில் பருப்பு நிறுத்தபடி நின்றா.

“பேரண்டத்தின் பெருமௌனத்தில் ஒரு துளியின் தேடலே என் படைப்பு. மௌனமே மொழி. மொழியே மௌனம். மௌனத்துக்குள் மௌனமாய்...”

எந்த மௌனத்தில் கேட்பது? பக்கத்தில் ஞானேஸ்வரி அக்கா கருவாட்டை மணந்து பார்த்துக்கொண்டு நின்றா. வாசிப்பு ஓடுகிறது. என் வாய் திறக்கவில்லை. பாறூக் நானா கடிதத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

“இப்படிக்கு, கிருசாந்தன்,” என்று முடித்தார்.

“பிறகு?” என்றேன்.

கடை முழுக்கச் சிரிப்பு!

“பொறகு என்னா தங்கச்சி, கையெழுத்துத்தான்! இது உங்கட மாப்பிள்ளைட கடிதமா?”

“ஓம்.”

“கதை என்னாண்டு இதில ஒரு சொல்லும் இல்லையே. நீங்களாச்சும் சொல்லுங்க.”

ஓடலாம் என்று பார்த்தேன். வாசலை மறித்து நெல் மூட்டை. பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “புதுசாய்க் கலியாணம் கட்டின ரண்டு பேர். காட்டை வெட்டி ஒரு கிணறு தோண்டுகினம். தண்ணியும் வருது. ஆனால் கிணறு றோட்டோரம். அந்தப் பொம்பிளைப் பிள்ளை வெக்கத்தில இருட்டிலதான் குளிக்கும்.”

ஞானேஸ்வரி அக்கா கருவாட்டை வைத்தா. “பிறகு?”

“ஒருநாள் இருட்டில, வாளிக்குப் பக்கத்தில, பாம்பு!”

“பிறகு?” இது ஸுஹறா. தராசு ஆடிக்கொண்டே நின்றது.

“பிள்ளை கத்தினது. புருசன் ஓடி வந்தான்.”

“பிறகு? பிறகு?” எல்லாரும்!

பிறகு என்ன? மனுசனுடைய நாவலில் அவன் ஓடி வந்து நிலவைப் பார்ப்பான். பார்த்துக்கொண்டே மூன்று அதிகாரம் யோசிப்பான். பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். அதைச் சொன்னால் மிளகுதான்.

“அண்டைக்கே கதியால் நட்டு, கிடுகு கட்டி, கிணத்தைச் சுத்தி மறைச்சுக் குடுத்தான்,” என்றேன்.

“எல்லாம் குடுத்து வைக்கோணும்!” என்று ஞானேஸ்வரி அக்கா பெருமூச்சு விட்டா.

பாறூக் நானா சுருட்டின கடிதத்தை விரித்து நீவினார். “இந்த முடிவு புஸ்தகத்தில இருக்கா தங்கச்சி?”

“இ... இருக்கு.”

“அப்ப லொறி போகமுன்ன கட்டைக் கொண்டு வாங்க. கடிதத்த நீங்க சொன்ன மாதிரியே எழுதச் சொல்லுங்க!”

பறந்து வந்தேன். மனுசன் வேலிப் படலையில் நின்றார்.

“கேட்டனீரோ?”

“கேட்டனான். எடுத்திட்டார்!”

என்னையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கிச் சுற்றினார். “நான் சொன்னனான்தானே! மௌனத்தின்ரை பலம்!”

“முடிவை மட்டும் மாத்தோணும்.” கடையில் சொன்ன முடிவைச் சொன்னேன்.

“என்ன? மறைப்போ? என்ரை நாயகன் கிடுகு கட்டுறதோ? அவன் ஒரு சிந்தனையாளன்!”

“அப்ப மிளகு வாங்கிவரட்டே?”

பேனையை எடுத்து மூன்று அதிகாரத்தையும் வெட்டினார். பாவம், கண் கலங்கித்தான் வெட்டினார். வெட்டி முடிந்ததும் நான் மெல்லச் சொன்னேன்.

“இன்னுமொண்டு. அந்தப் பெண்டுகள் எல்லாம் வெள்ளிக்கிழமை இஞ்ச வருகினமாம்.”

“ஏன்?”

“இப்பிடி எழுதின ஆள் தன்ரை மனுசிக்குக் கட்டிக் குடுத்த மறைப்பு எப்பிடி இருக்கும் எண்டு பாக்க. ஸுஹறாவும் வருவாவாம். பாறூக் நானாவையும் கூட்டிக்கொண்டு.”

பேனை கீழே விழுந்தது.

நேற்று ஓலை ஊறினது. இன்றைக்குக் கதியால் நட்டாயிற்று. சிந்தனையாளன் இப்போது கிணற்றடியில் வியர்த்து ஒழுகிக்கொண்டு நிற்கிறார். கிடுகு கட்டுவதென்றால் இரண்டு பேர் வேண்டும். வெளியில் நின்று ஒருவர் குத்தூசியைக் குத்த, உள்ளே நின்று மற்றவர் கயிற்றை மாட்டித் திருப்பிக் குத்தவேண்டும்.

“இஞ்சேரும்! உள்ளுக்கை வந்து ஊசியைப் பிடியுமப்பா! நாளைக்கு வெள்ளி!”

“வாறன், வாறன்!”

போகமுன்னம் உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், அவருடைய காதில் போட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று அந்தக் கடையில் ஒருத்தரும் சொல்லவேயில்லை, அது நானாய்ச் சொன்ன புளுகு.