கண்ணாடிச் சுவரில் ஈரம்

"சேர், என்ரை மகனைக் காணேல்லை!"

உதயகலா கண்ணாடிச் சுவரைப் படபடவென்று தட்டினாள். மகன் நிருஷன் உள்ளே இரண்டாம் வாங்கிலேதான் இருந்தான். சுவரின் வெளிப்பக்கம் முழுக்க ஈரம் படிந்து வெள்ளையாகிவிட்டதால் ஒருவரையும் தெரியவில்லை.

மருதனார்மடத்தில் பௌதிகவியல் ரியூசன் நடத்தும் தியாகலிங்கம் ஆசையாசையாக வைத்த சுவர் அது. எங்களூர் அம்மாமார் பிள்ளையை ரியூசனில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. படிக்கிறானா, பக்கத்து வாங்கைப் பார்க்கிறானா என்று ஸ்கூட்டியில் இருந்தபடியே காவல் காப்பார்கள். 'வெளியே நின்றே பிள்ளையைப் பார்க்கலாம்' என்று நோட்டீஸ் அடித்தார். வகுப்பு நிரம்பியது. பக்கத்து ஒழுங்கையில் போட்டிக்கு ரியூசன் நடத்தும் றெஜி சேரின் தகரக் கொட்டகை காற்று வாங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம். போன கிழமை ஏசியும் வாங்கிப் பூட்டினார். பிடித்தது சனி.

உதயகலாவின் சத்தத்தில் தியாகலிங்கம் வெளியே ஓடிவந்து துவாயால் துடைத்தார். துடைத்து முடியுமுன் மறுபடி வெள்ளை.

"என்ன சேர் உது?"

"ஒண்டுமில்லை அம்மா, ஒடுங்கல். காத்திலை இருக்கிற நீராவி குளிர்ந்த கண்ணாடியிலை பட்டுத் தண்ணியாகுது. அப்பிடி மாறேக்கை வெப்பம் வெளியேறும், ஆனா வெப்பநிலை குறையாது."

"வெப்பம் போயும் குறையாதோ? அப்ப ஏசி என்னத்துக்கு?"

அவருக்குப் பதற்றத்தில் படித்த பாடமும் மறந்துபோனது. குளிர் கூடினால் ஈரம் காயும் என்று நம்பி ஏசியை இன்னும் கூட்டினார். கண்ணாடி இன்னும் குளிர்ந்து, வெளியே தண்ணீர் வழிந்தோடியது. பிள்ளைகளின் பல் கிடுகிடுத்தது. சரியென்று ஏசியை நிறுத்திக் கதவை அகலத் திறந்தார். மழை விட்ட ஈரக்காற்று உள்ளே பாய்ந்தது. சுவரின் உட்பக்கம், வெண்பலகை, சேரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் வெள்ளை. எழுதிய சமன்பாடுகள் மையோடு வழிந்தன.

"உள்ளுக்கை என்னதான் நடக்குது?" என்றாள் இன்னொரு அம்மா.

"வேணுமெண்டுதான் மறைக்கிறார் போலை. நாளைக்கு ஒரு முடிவு எடுப்பம்" என்றாள் உதயகலா.

தியாகலிங்கத்துக்கு இந்த வகுப்புக் கலைந்தால் வேறு பிழைப்பில்லை.

மறுநாள் காலை வாசலில் அம்மாமார் கூட்டம். நேற்றையதைவிடப் பெரிய கூட்டம். அவர் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றார். ஏசி பூட்டித் தந்த இன்ஸாப்பைப் பின்வாசலால் கூப்பிட்டார்.

"தம்பி, உந்த ஏசியைக் கழட்டும். எனக்குக் குளிரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அவை என்னை அடிக்க முதல் கழட்டும்!"

இன்ஸாப் ஏணியைக் கீழே வைத்தான்.

"அவை பிள்ளையளைச் சேர்க்க வந்து நிக்கினம் சேர். கண்ணாடியை மறைச்சுப்போட்டு, சோதினைக்கு வரப்போற கேள்வியை ஒளிச்சுச் சொல்லிக்குடுக்கிறியளெண்டு ஊரெல்லாம் கதை. காலமை றெஜி சேரும் எனக்குப் போன் எடுத்தவர். தனக்கும் ஒரு கண்ணாடிச் சுவரும் ஏசியும் வேணுமாம். குளிர் வராட்டிலும் பரவாயில்லையாம், ஈரம் பிடிச்சாப் போதுமாம்!"