அரை மார்க்கு மேடமும் ஓர் அமாவாசையும்

ஆரணியில் இதுவரை யாரும் அரை மார்க்கு மேடத்திடம் முழு மார்க்கு வாங்கியதில்லை. இனி வாங்கப் போவதுமில்லை. பிள்ளைகளை மட்டும் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா, கேன்டீன் வடை, போளூர் பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுக்கும் விதம் என எல்லாவற்றுக்கும் பத்துக்கு மார்க்கு போட்டு, கடைசியில் ஓர் அரையைக் குறைப்பார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வார். அது இன்னும் பேஜார். சொந்த மகள் கல்யாணத்தில் ரசத்துக்கு ஒன்பதரை போட்டார். பாவம், சமையல்காரர் காரணம் கேட்டுவிட்டார். அதை அவர் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பந்தியே சாப்பிட்டு எழுந்துவிட்டது.

இப்படிப்பட்டவர் ஐம்பதை நெருங்கும் வயதில், கல்வி மதிப்பீட்டில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். ஸ்டாஃப் ரூமில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பயந்தோம். சும்மா இருக்கும்போதே இப்படி என்றால், லைசென்ஸ் கிடைத்தால் என்ன ஆவது?

டாக்டர் பட்டம் என்றால் தடியாக ஒரு புத்தகம் எழுதிக் கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். அதற்கு முன்னால் கோர்ஸ் ஒர்க் என்று ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சி முறை, புள்ளியியல், மதிப்பீட்டுக் கோட்பாடு என்று தாள் தாளாகப் பரீட்சை. அவற்றில் பாஸானாலும் விடமாட்டார்கள். நிஜமாக நடக்கும் ஒரு கல்வித் திட்டத்தை மதிப்பிட்டு, அந்த ரிப்போர்ட்டை ஆராய்ச்சிக் குழு முன்னால், வந்தவர் போனவர் எல்லாம் கேட்க வாசிக்க வேண்டும். கெடுவுக்குள் முடிக்காவிட்டால் பதிவே ரத்து.

புள்ளியியல் அவரைப் படுத்தியதைவிட, அதை வைத்து அவர் எங்களைப் படுத்தியதுதான் அதிகம். கேள்வித்தாள் தயாரிக்கப் பழகுகிறேன் என்று டீ நேரத்தில் ஆளுக்கொரு தாள் நீட்டுவார். ‘இந்தத் தேநீர் என் எதிர்பார்ப்பை நிறைவு செய்தது: முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை...’ நான் ‘கருத்தில்லை’க்கு டிக் அடித்தேன். உட்கார வைத்து விசாரணை நடத்தினார். கருத்தில்லாத மனுஷன்தான் ஆராய்ச்சிக்கு முதல் எதிரியாம். டீ ஆறிப்போனது. அன்றிலிருந்து எந்தத் தாளை நீட்டினாலும் முழுமையாக உடன்பட்டுவிடுவேன்.

மதிப்பிட அவர் எடுத்துக்கொண்டது, பத்தாம் வகுப்புக்கு அவரே வருஷக்கணக்காக நடத்திவரும் மாலைச் சிறப்பு வகுப்பை. சொந்த வேலையைத் தானே மதிப்பிடுவதும் ஒரு முறைதானாம், குழுவும் ஒப்புக்கொண்டது. அந்த வகுப்பு அவருக்கு உயிர். வழக்கமாகப் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும் வகுப்பு, அவர் சர்வே எடுத்த நாளில் நிரம்பி வழிந்தது. வராதவர்களைத் திட்டியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போனார். பெற்றோரும் ஆற அமரப் பதில் சொன்னார்கள். ரிப்போர்ட்டைப் படித்த அவருடைய ஆராய்ச்சி கைடு புகழ்ந்து தள்ளினார்.

வாசிக்கும் நாளன்று துணைக்கு நானும் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினேன். வழியில் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

“சார், நான் சர்வே எடுத்தது அமாவாசை அன்னிக்கு சார்.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அமாவாசையில் எங்கள் ஊர் நெசவு வீடுகளில் தறி ஓடாது, அன்றுதான் லீவு. மற்ற சாயங்காலங்களில் தறிக்கு ஒத்தாசையாக இருக்கும் பிள்ளைகள் அன்று வகுப்புக்கு வரத்தானே செய்வார்கள்? மேடமும் நெசவு வீட்டில் பிறந்தவர். வெளிவேலை எல்லாவற்றையும் அமாவாசைக்கென்று ஒதுக்கி வளர்ந்த பழக்கத்தில், சர்வேயையும் அன்றைக்கே வைத்துவிட்டார்.

குழுவில் இருப்பவர்களுக்கு நம்மூர் அமாவாசை தெரியவா போகிறது, ஜல்தியாகப் படித்துவிட்டு இறங்கிவிடுங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். ரிப்போர்ட்டை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடையேறியவர் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை.

“இந்த ரிப்போர்ட் சரியில்லீங்க. தறி ஓடாத நாள்ல எடுத்தது. மத்த நாள்ல என் கிளாஸுக்குப் பாதி பசங்க வர்றதில்ல. சோம்பேறிங்கன்னு நான் திட்டிகினு இருந்தேன். அதுங்க தறியாண்ட நின்னுகினு இருந்திருக்குதுங்க.”

கைடு முகத்தில் ஈயாடவில்லை. கெடுவை நீட்ட முடியாது, மிச்சமிருக்கும் நாளுக்குள் மறுபடி செய்து கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். சரிங்க என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார் மேடம்.

அந்த மனுஷி அதன் பிறகு வீட்டில் தங்கியதாகவே தெரியவில்லை. பள்ளி விட்டதும் தெருத் தெருவாகப் போய், தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திக் கேள்வி கேட்டார். தொண்டை கட்டிப்போனது. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, அந்தக் கட்டைக் குரலிலேயே புது ரிப்போர்ட்டை வாசித்தார். வகுப்பு நேரம் நெசவு வீடுகளுக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலைக்கு மாற்ற வேண்டும். நடத்தும் ஆசிரியை இத்தனை வருஷமாக அதை விசாரிக்கவே இல்லை. இவ்வளவையும் தன்னைப் பற்றித் தானே, யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வதுபோல வாசித்தார்.

கோர்ஸ் ஒர்க் முடிந்தது, ஆராய்ச்சியைத் தொடரலாம் என்று தலைவர் எழுந்து நின்று அறிவித்தார். ஹாலில் கைதட்டல். என் கண் ஏனோ கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் குனிந்து, யார் சார் இந்தம்மா என்றார்.

“எங்க மேடங்க. ஆரணி,” என்றேன். அவர் ஊரைக் கேட்கவே இல்லை.